மீனுக்கு மேல் மாங்காய்

மெக்சிகோவின் பசிபிக் கரையில் பாஹா கலிபோர்னியா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்குள்ள என்செனாடா துறைமுகத்தின் தெருக்கடைகளில், மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டை உள்ளங்கை அகல ரொட்டியில் வைத்து, மேலே பொடியாக அரிந்த கோஸும் தக்காளி, வெங்காயம், மிளகாய் சேர்ந்த பச்சைக் கலவையும் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மடித்துக் கையில் தருகிறார்கள். மீன் டாக்கோ என்பது இதுதான். அந்தப் பச்சைக் கலவையில் மாம்பழமோ அன்னாசியோ சேர்ந்துவிட்டால் அது பழ சல்சா. இதைத் தன் வீட்டில் செய்துபார்க்க நினைக்கும், தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்காரர் முதலில் ஒரு பட்டியல் போடுகிறார்: மக்காச்சோள ரொட்டி பெங்களூரில் எங்கே கிடைக்கும், கடல் மீன் ஓசூரிலாவது கிடைக்குமா, பாட்டில் சாஸ் எதை வாங்குவது. இந்தப் பட்டியல் வேண்டியதில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஒரு பண்டம் கடல் தாண்டி வரும்போது அதன் பொருள்கள் வந்தாக வேண்டும் என்பதில்லை; அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் தட்டில் என்ன வேலை செய்கின்றன என்ற அறிவு வந்தால் போதும். வேலை தெரிந்துவிட்டால் ஆளை உள்ளூரிலேயே பிடித்துக்கொள்ளலாம். இதைச் சோதித்துப் பார்க்கப் பாலக்கோடு நல்ல இடம். கடற்கரை நேர்கோட்டில் அளந்தாலும் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் தள்ளி. ஆனால் தக்காளி மண்டி ஊருக்குள்ளேயே இருக்கிறது. காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை மாந்தோப்புகள். மேட்டு நிலங்களில் கேழ்வரகு. பஞ்சப்பள்ளிச் சின்னாறு அணை போன்ற நீர்நிலைகள்.

வேலையை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் கொடிய சான்று ஒன்று உண்டு. மெக்சிகோவிலும் அதன் தென்புற நாடுகளிலும் மக்காச்சோளத்தை அப்படியே அரைக்கமாட்டார்கள். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோலைக் கழுவிவிட்டுத்தான் அரைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்தப் பழக்கம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தானியத்தின் செல்சுவர்களை இளக்கி, மாவு ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்து ரொட்டியாகத் தட்டவரும்படி செய்கிறது. தானியத்தில் சிறைப்பட்டுக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை உடல் எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. ஸ்பானியர்கள் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்புப் பழக்கத்தைக் கொண்டுபோகவில்லை. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர், மக்காச்சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகளின் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் நோயைப் பதிவு செய்தார். பெலாக்ரா என்று பின்னர் பெயர் பெற்ற அந்த நோய் வட இத்தாலியிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பெருவாரியாகப் பரவியது. அது தொற்றுநோய் என்றே மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் நடத்திய ஆய்வுகள்தான் குற்றம் உணவின் குறையில் இருக்கிறது என்று காட்டின. அதே தானியத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தின்ற மெக்சிகோ விவசாயிக்கு அந்த நோய் அரிது.

ஆகவே ரொட்டியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, மக்காச்சோளம் இருக்கிறதா என்பதில்லை. மடித்தால் உடையாத, ஈரத்தைச் சிறிது நேரம் தாங்குகிற, சத்துள்ள உறை ஒன்று வேண்டும், அவ்வளவுதான். கேழ்வரகு இந்த வேலைக்கு முன்வந்தால் எழும் முதல் புகார், அது விண்டுபோகும் என்பது. உண்மைதான். கோதுமையின் இழுவைக்குக் காரணமான குளூட்டன் புரதம் கேழ்வரகில் கிடையாது. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். ஆனால் களி கிளறுகிற எந்தக் கைக்கும் விடை தெரியும்: கொதிக்கிற தண்ணீர். சூடு ஏறியதும் மாவுச்சத்தின் ஒரு பகுதி நீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகிறது. குளூட்டன் செய்ய வேண்டிய ஒட்டும் வேலையை அந்தக் கூழ் செய்துவிடும். உப்புப் போட்டுக் கொதித்த தண்ணீரை மாவில் ஊற்றி, மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, வாழையிலையில் மெல்லியதாகத் தட்டித் தோசைக்கல்லில் போட்டால் மடிக்கத் தகுந்த ரொட்டி வரும். சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணியில் பொதிந்து வைப்பது முக்கியம். ஆறிப்போனால் கூழான மாவுச்சத்து மறுபடி இறுகி ரொட்டி விறைத்துவிடும். கல்லில் ஒரு புரட்டுப் புரட்டினால் மீண்டும் இளகும். சத்துக் கணக்கிலும் கேழ்வரகு தலைகுனிய வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. மெக்சிகோக்காரர் சுண்ணாம்பிலிருந்து பெறும் கால்சியத்தை இந்தத் தானியம் தன்னிடமே வைத்திருக்கிறது. நியாசின் கேழ்வரகில் அதிகமில்லை. அதை மீன் ஈடுசெய்யும்.

அப்படியானால் இது டாக்கோவே இல்லையே, கேழ்வரகு ரொட்டியும் மீன் வறுவலும்தானே என்று ஒருவர் சொல்லலாம். மெக்சிகோவிலேயே இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. வடக்கே சோனோரா போன்ற மாநிலங்களில் ரொட்டி கோதுமையில்தான்; கோதுமையை அங்கே கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். சல்சாவில் விழும் மாம்பழமும் அந்த மண்ணில் தோன்றியதில்லை, ஆசியாவுக்குரியது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களோடு சேர்ந்தது அதன் வரவு. அங்கே ஒரு வகைக்கு இன்றும் மணிலா மாம்பழம் என்றே பெயர். இந்தப் பக்கம் பார்த்தால், பாலக்கோட்டின் அடையாளமாகிவிட்ட தக்காளியும் அதோடு சேரும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தவை. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் பிறந்தது. ஜிலேபி என்று நாம் வாங்கும் திலேப்பியாவும் ஆப்பிரிக்க மீன். மொசாம்பிக் திலேப்பியா இந்தியாவுக்கு வந்தது 1952இல். இங்கே பெயர் சொன்னவற்றில் பூர்வீகம் கேட்டால் தைரியமாக எழுந்து நிற்கக்கூடியது மாங்காய் ஒன்றுதான். அதைத்தான் மெக்சிகோக்காரர் சொந்தம் கொண்டாடுகிறார்!

இனி மீன். டாக்கோவில் மீனின் மேல் புளிப்பு ஏன் விழுகிறது என்பதற்கு வேதியியல் தரும் விடை தெளிவானது. கடல் மீன்கள் உப்பு நீரில் தம் உடல்நீரைக் காத்துக்கொள்ள டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருளைத் தசையில் சேர்த்து வைக்கின்றன. மீன் செத்ததும் பாக்டீரியா அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகிறது. மீன் கவிச்சி என்று நாம் மூக்கைச் சுளிக்கும் வாடையில் பெரும்பங்கு இதனுடையது. இது காரத்தன்மை கொண்டது. அமிலம் பட்டதும் உப்பாக மாறும், உப்பாகிவிட்டால் காற்றில் பறந்து மூக்கை எட்டாது. எலுமிச்சையோ மாங்காயோ புளியோ வாடையை மறைப்பதாகச் சொல்கிறோம்; உண்மையில் அவை வாடைப் பொருளைக் கட்டிப்போடுகின்றன. சென்னையின் நெத்திலி மாங்காய்க் குழம்பு, கேரளத்தின் குடம்புளி, இலங்கையின் கொறுக்காய்ப்புளி, கோவாவின் கோக்கம் எல்லாம் இந்த ஒரே வினையைப் பயன்படுத்துபவை.

ஆனால் இந்த விளக்கத்தை அப்படியே பாலக்கோட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஏரி, அணை மீன்களின் தசையில் அந்த ஆக்சைடு மிகக் குறைவு. அவற்றின் சிக்கல் வேறு: சேற்று வாடை. நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் மண்ணின் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகளும் ஜியோஸ்மின் என்ற பொருளை வெளிவிடுகின்றன. 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். கோடை மழையின் முதல் தூறலில் எழும் மண்வாசத்திலும் முக்கியப் பங்கு இதனுடையது. மண்ணிலிருந்து வந்தால் கவிதை பாடுகிறோம், மீனிலிருந்து வந்தால் தட்டைத் தள்ளிவைக்கிறோம். செவுள் வழியே உள்ளே போகும் ஜியோஸ்மின் கொழுப்பில் தங்கும். அமிலத்தில் அது நீர் மூலக்கூறை இழந்து வாடையற்ற பொருளாகும் என்பது உண்மை. அதனால் எலுமிச்சை பிழிந்தால் சேற்று வாடை அழியும் என்று எழுதிவிடுகிறார்கள். இதில் சற்று நிதானம் வேண்டும். ஆய்வகத்தில் அந்த மாற்றம் விரைந்து நடப்பது வலுவான அமிலத்தில். பத்து நிமிடம் எலுமிச்சையில் ஊறுவது அதற்குச் சமமாகாது. இங்கே கத்தி செய்யும் வேலைதான் பெரிது: தோலை உரித்து, வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் நீக்கிவிட்டால் வாடையின் பெரும்பங்கு அவற்றோடு போய்விடும். கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவுவது மேல்வழும்பை எடுக்கும். மிச்சமிருப்பதைக் கொத்தமல்லியும் மாங்காயும் தம் நறுமணத்தால் பின்னுக்குத் தள்ளும்.

எந்த மீன் என்பதை முள் முடிவு செய்கிறது. இலையில் வைத்துத் தின்னும்போது முள்ளை விரல் கண்டுபிடிக்கும். மடித்த ரொட்டியைக் கடிக்கும்போது அந்த வசதி இல்லை. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களின் சதைக்குள்ளேயே கவட்டை வடிவ நுண்முள்கள் பரவிக் கிடக்கும். ஜிலேபியில் அவை இல்லை, நடுமுள்ளை எடுத்தால் சதை முழுசாக வந்துவிடும். விராலும் நல்லது, விலைதான் இடிக்கும். சந்தையில் ஜிலேபிக்கு மதிப்புக் குறைவு. இந்தப் பண்டத்தைப் பொறுத்தவரை அந்த மதிப்பீட்டில் நியாயமில்லை. அரிசி மாவில் புரட்டி நல்ல சூடான எண்ணெயில் பொரித்தால், விரல் கனத் துண்டு சில நிமிடங்களில் வெந்துவிடும். மீன் தசையை இணைக்கும் கொலாஜன் ஆட்டுக்கறியில் உள்ளதைவிடக் குறைவு, குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும்.

கனமான ஆட்சேபம் ஒன்று இனித்தான் வருகிறது. தர்மபுரி வட்டாரம் புளிக்குப் பேர்போனது. குழம்பில் புளி அமிலத்தின் வேலையை முழுமையாகச் செய்கிறது. அப்புறம் பச்சைப் பழம் எதற்கு, அது வெறும் அலங்காரம்தானே? அமிலத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்த ஆட்சேபம் வென்றுவிடும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கொதித்தாலும் அழியாது. அது இரவெல்லாம் மீனுக்குள் இறங்குவதால்தான் நேற்றைய மீன்குழம்புக்கு அவ்வளவு மதிப்பு. பழத்தின் வேலை அந்த இடத்தில் இல்லை. மாங்காயின் மணம் டெர்பீன் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது; குழம்பில் போட்டால் புளிப்பு தங்கும், மணம் மூடியைத் திறந்தவுடன் போய்விடும். பச்சையாகக் கடித்தால்தான் அது வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். இன்னொரு வேலை அதைவிட முக்கியம், கண்ணுக்கும் தெரியாதது. கேழ்வரகில் இரும்பும் கால்சியமும் இருந்தாலும், அதிலுள்ள ஃபைட்டேட் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்கு எளிதில் விடாது. அதே வேளை உணவில் வைட்டமின் சி சேர்ந்தால் தானியத்தின் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். மீன் சதையும் அதே திசையில் உதவும். புளியில் வைட்டமின் சி சொற்பம். பச்சைத் தக்காளியிலும் மாங்காயிலும் அது உண்டு, வேகவைக்காததால் பழுதின்றி இருக்கும். கேழ்வரகு, மீன், பச்சைப் பழம் மூன்றும் ஒரே கவளத்தில் சேர்வது சுவைக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை. குழம்புக்குப் புளி, ரொட்டிக்குப் பழம். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை.

தக்காளியின் பங்கை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். 1908இல் கிகுனே இகேடா கடற்பாசிக் குழம்பில் குளூட்டமேட்டின் தனிச்சுவையைக் கண்டறிந்தார். 1913இல் அவருடைய மாணவர் கொடாமா உலர்ந்த சூரை மீனில் இனோசினேட்டைக் கண்டறிந்தார். இரண்டும் சேரும்போது சுவை கூட்டுத்தொகையைத் தாண்டிப் பல மடங்காகிறது என்று அகிரா குனினாகா பின்னர் காட்டினார். தக்காளியில் குளூட்டமேட் நிறைய, மீனில் இனோசினேட். டாக்கோவின் ருசிக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டாம். மீனின் இனோசினேட் செத்த சில மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்து பிறகு மெல்லச் சிதையும், சிதைந்ததில் ஒன்று கசக்கும். அதனால் ஐஸ் பெட்டியில் நாள்கணக்கில் பயணம் செய்து வரும் கடல் மீனைவிடக் காலையில் பிடித்த ஏரி மீனுக்கு இந்த விஷயத்தில் கை ஓங்கியிருக்கிறது.

ஆனால் தக்காளி ஒரு சங்கடத்தையும் கொண்டுவருகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். உப்பு பட்டதும் நீர் விட்டுக்கொண்டு, பொரித்த மேலோட்டையும் கேழ்வரகு ரொட்டியையும் ஊறவைத்துவிடும். சமையல் குறிப்புகள் விதைப்பகுதியை வழித்து எறியச் சொல்கின்றன. 2007இல் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, குளூட்டமேட் சதையைவிட அந்த வழுவழுப்பான விதைப்பகுதியில்தான் அதிகம் இருந்தது. எறிந்தால் சுவை போகும், வைத்தால் ரொட்டி பிய்யும். வழி இருக்கிறது: விதைப்பகுதியை வழித்து, அதோடு மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து, பொரிப்பதற்கு முன் மீனில் தடவிவிடலாம். சதையை மட்டும் சல்சாவுக்கு அரியலாம், உப்பைக் கடைசியில் போடலாம். இதற்குச் சாறு ததும்பும் நாட்டுத் தக்காளியைவிட, லாரியில் தூரம் போவதற்கென்றே கெட்டித் தோலோடு உருவாக்கிய கலப்பினத் தக்காளி பொருத்தம். ரசத்துக்கு வைத்துப் பழித்த அந்தக் கெட்டித்தனம் இங்கே குணமாகிறது. ஃப்ரிட்ஜில் வைக்காமலிருப்பது நல்லது. குளிர் தக்காளியின் மண மரபணுக்களை அடக்கிவிடுகிறது, வெளியே எடுத்து வைத்தாலும் மணம் முழுதாகத் திரும்புவதில்லை என்று 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. மண்டிக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டும் நாள்களும் அந்த மண்டிக்கு உண்டு. வீட்டு சல்சா அதைத் தடுத்து நிறுத்தும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

புளிப்பின் ஆற்றலை மிகையாக நம்பினால் வரும் ஆபத்தையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தின்பதைப் பார்த்து, அமிலம் மீனை வேகவைத்துவிடும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. அமிலம் புரதத்தை விறைக்கச் செய்து வெள்ளையாக்கும். அதனால் வெந்தது போலத் தெரியும், ஒட்டுண்ணி சாகாது. தாய்லாந்தின் வடகிழக்கில் நன்னீர் மீனைப் பச்சையாக எலுமிச்சையும் மசாலாவும் சேர்த்து உண்ணும் கோய் பிளா என்ற பண்டம் உண்டு. அதன் வழியே உடலுக்குள் போகும் ஈரல் தட்டைப்புழு பித்தக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்து, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்தது. நன்னீர் மீனுக்கு நெருப்பு தவிர மாற்று இல்லை. புளிப்பு அதன் பிறகுதான்.

தயிர் பற்றிய தயக்கமும் வரும். டாக்கோவின் மேல் புளித்த கிரீம் ஊற்றும் வழக்கத்துக்கு இங்கே நேரான மாற்று கெட்டித் தயிர். மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள்; மீனையும் பாலையும் விருத்த உணவு என்று ஆயுர்வேதமும் சொல்கிறது. வெண்புள்ளி, தோலின் நிறமிச் செல்களை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குவதால் வருவது. வங்காளத்தில் தயிரில் வேகவைத்த மீன் விருந்துச் சமையல். ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்றால் தயிரை விட்டுவிடலாம், பண்டத்துக்குப் பெரிய நட்டமில்லை.

மாங்காயில் எது? கிளிமூக்கு என்ற பெங்களூரா இந்த மாவட்டத்துத் தோப்புகளில் தாராளம். கூழ் ஆலைக்குப் போவதும் பெரும்பாலும் அதுதான். முழுப்பழமானால் அமிலம் வடிந்து இனிப்பு மட்டும் நிற்கும், முழுக்காயானால் பல் கூசும். செங்காய்ப் பருவத்தில் இரண்டும் இருக்கும், சதையும் அரிந்த வடிவம் குலையாது. சல்சாவை மீன் மேல் போடுவது வாயில் வைப்பதற்குச் சற்று முன்பாக இருக்கட்டும். ஆடி கழிந்து மாங்காய் ஓய்ந்த பிறகு கையில் எது கிடைத்தாலும் போடலாம் என்பதில்லை. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளிக் காயில் பப்பைன் என்ற நொதிகள் புரதத்தை அறுக்கும். மீனோடு அரைமணி நேரம் கிடந்தால் மேல்சதை மாவாகக் குழையும். அன்னாசித் துண்டுகளைத் தோசைக்கல்லில் நன்றாகச் சூடேற வாட்டி எடுத்தால் நொதி செயலிழக்கும், பிறகு தாராளமாகச் சேர்க்கலாம். கொய்யாவில் அந்தச் சிக்கலே இல்லை. 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருப்பதால் கேழ்வரகின் இரும்புக்கு மாங்காயைவிட அது நல்ல துணை. புளிப்புதான் போதாது, அதற்கு அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ள வேண்டும்.